பெத்தவங்களும் வளந்த பிள்ளைங்களும் பேச்சு இல்லாம இருந்தா: அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரி. எங்கப்பாகிட்ட 9 வருஷம் பேசாம இருந்தவ. அது தீந்து ரொம்ப காலம் கழிச்சு என் மவன் என்கிட்ட 14 மாசம் பேசல, அதனால ரெண்டு பக்கமும் நின்னு பாத்தாச்சு. இது தெரிஞ்சவங்க கல்யாண வீட்லயும் துட்டி வீட்லயும் (சாவு வீடு) என்னைய ஓரமா கூப்பிட்டு போயி கேட்ட கேள்விங்க தான் கீழ இருக்கு, பாதிப்பேரு அழுதுக்கிட்டே தான் கேட்டாவ. சட்ட விஷயத்த படிச்சு தெரிஞ்சுக்கிட்டு சொல்லுதேன், மத்ததெல்லாம் பட்டு தெரிஞ்சது.

கேள்வி: எல்லா வீட்லயும் தான் சண்டை வருது, இத எப்படி தனியா சொல்றது?

சண்டைன்னா சத்தம் இருக்கும், நாலு நாள் கழிச்சு "சாப்பிட்டியா"ன்னு ஒரு வார்த்தை வரும், அதோட தீந்துரும். நான் சொல்றது சத்தமே இல்லாதது. நம்ம ஊர்ல இதுக்கு "போக்குவரத்து இல்ல"ன்னு சொல்லுவாவ, பஸ் ஓடாத ரோடு மாதிரி. அதுக்கும் மேல போனா "தலை முழுகியாச்சு"ன்னு சொல்லுவாவ, உயிரோட இருக்க பிள்ளைக்கு செத்தவங்களுக்கு சொல்ற வார்த்தைய சொல்றது. கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, குடும்பம் குடும்பமா (தலைக்கட்டுன்னு சொல்லுவாவ) வரி பிரிக்க வரும்போது "அவன் தலைக்கட்ட எங்ககூட எழுதாதீங்க"ன்னு அப்பாவே சொல்லும்போது ஊருக்கே தெரிஞ்சுபோகும்.

இன்னொரு வகை இருக்கு, அத யாரும் கணக்குல எடுக்க மாட்டாவ. மாசம் ஒருவாட்டி போன் வரும், "நல்லாருக்கியா, நல்லாருக்கேன், மழை பெஞ்சுதா, பெஞ்சுது", அதோட சரி. அதுவும் பேச்சு நின்ன வீடு தான்.

கேள்வி: நம்ம பக்கம் இது எதனால வருது?

கேட்ட உடனே எல்லாரும் சொல்றது மூணு. பிள்ளை இஷ்டத்துக்கு கல்யாணம் பண்ணினது, சொத்து பிரிச்சது, வந்த மருமக. மருமகள சொல்றது தான் எல்லாருக்கும் லேசா இருக்கு, ஏன்னா அவ வெளிய இருந்து வந்தவ, அவ மேல போட்டுட்டா நம்ம வளப்பு தப்பிச்சிரும்.

ஆனா நான் பாத்தவரைக்கும் கடைசியா நடந்த சண்டை ஒரு நாளும் காரணம் இல்ல. அது வாய்க்கால் உடைஞ்ச இடம், தண்ணி எங்கயோ மேல இருந்து அரிச்சுக்கிட்டு வந்திருக்கும். எனக்கு தெரிஞ்ச ஒரு வீட்ல தீபாவளி துணி விஷயத்துல அப்பனும் மவனும் பேச்ச விட்டுட்டாவ, துணிக்கா இப்படின்னு ஊரே கேட்டுச்சு. அந்தப் பையன் 17 வயசுல மளிகை கடைக்கு வேலைக்கு மெட்ராஸ் போனவன், 12 வருஷம் சம்பளத்த அப்படியே வீட்டுக்கு அனுப்பினான், அதுல ரெண்டு தங்கச்சி கல்யாணம் நடந்துச்சு, தட்டு ஓட்டு வீடு மச்சு வீடாச்சு, பால்காய்ப்பு அன்னைக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் அப்பா "நான் கட்டினது"ன்னு சொன்னாரு. ஒரு தடவ கூட மவன் பேர சொல்லல. அவன் அன்னைக்கு ஒண்ணும் பேசல, அஞ்சு வருஷம் கழிச்சு துணியில பேசினான்.

வெளியூர், வெளிநாடு போறது நமக்கு புதுசு இல்ல. பம்பாய்க்கும் மெட்ராசுக்கும் கல்ஃபுக்கும் பிள்ளைங்கள அனுப்பின ஊருங்க தான் எல்லாமே, வீட்ல அம்மாமாரு பீடி சுத்தி படிக்க வச்சு அனுப்பினாவ. தூரம் மட்டும் உறவ அறுக்காது. அங்க இருந்து அவன் சொல்றத இங்க யாரும் காதுல வாங்கலன்னா தான் அறுந்துபோகும்.

கேள்வி: என் பிள்ளை காரணமே சொல்லாம பேச்ச நிறுத்திட்டான். நான் என்ன தப்பு பண்ணினேன்?

நானும் இதே கேள்விய தான் 14 மாசமும் கேட்டேன். அதனால இத கொஞ்சம் விரிவாவே சொல்லுதேன்.

என் மவனுக்கு பெங்களூர்ல வேலை போச்சு. ராத்திரி 11 மணிக்கு போன் பண்ணி "எம்மா, இத யாருட்டயும் சொல்லிராத, நான் வேற பாத்துக்கிடுவேன்"னான். நான் சரின்னேன். மூணாம் நாள் ஒரு துட்டி வீட்ல என் நாத்தனார்கிட்ட சொன்னேன், பாரம் தாங்காம தான் சொன்னேன், கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல. அந்த வாரமே பம்பாயில இருக்க அத்தை அவனுக்கு போன் போட்டு "கவலப்படாதய்யா, மாமா கடையில ஒரு ஆள் வேணும்"னு ஆறுதல் சொல்லியிருக்காவ. அதுக்கப்புறம் அவன் என் போன எடுக்கல.

நான் எல்லாருட்டயும் "காரணமே இல்லாம பேச மாட்டேங்கான்"னு தான் சொன்னேன், மனசறிஞ்சு பொய் சொல்லல, எனக்கு அது காரணமாவே தெரியல. பொறவு யோசிக்க யோசிக்க தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு. பத்தாங்கிளாஸ் மார்க்க அவன் சொல்ல வேண்டாம்னும் தெருவுக்கே சொன்னேன். அவன் ஒரு பிள்ளைய விரும்பினத என் தங்கச்சிகிட்ட சொன்னேன். ஒவ்வொரு தடவையும் "ஏம்மா சொன்ன"ன்னு கேட்டிருக்கான். அவன் காரணம் சொல்லாம போகல, 15 வருஷமா சொல்லிக்கிட்டே இருந்திருக்கான், எனக்கு தான் அது காதுல ஏறல.

அதனால இந்த கேள்விய கேக்குற பெத்தவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணு தான். ஒரு நோட்ட எடுத்து, அவன் உங்கள "ஏன் இப்படி பண்ணினீங்க"ன்னு கேட்ட இடத்தையெல்லாம் எழுதுங்க. நீங்க சொன்ன பதில எழுதாதீங்க, அவன் கேட்டத மட்டும். ஒரு பக்கம் வந்திரும்.

கேள்வி: முதல்ல யாரு பேசணும்? நாங்க தான இறங்கி போகணுமான்னு எங்க வீட்டுக்காரரு கேக்காரு.

காயம் பட்ட அன்னைக்கு யாரு கையில அதிகாரம் இருந்துச்சோ அவங்க முதல்ல பேசணும். பத்து வயசு பிள்ளைய அடிச்சது பத்தி 40 வயசுல பேச்சு நின்னா கூட அப்பா தான் முதல்ல வரணும். வயசான காலத்துல அப்பா அம்மா சோத்துக்கு பிள்ளைய எதிர்பாத்து இருக்கும்போது பிள்ளை கொடுமை பண்ணினா, பிள்ளை தான் வரணும். இது என் முடிவு, எல்லாரும் ஒத்துக்கிட மாட்டாவ. "பெத்தவன் போயி பிள்ளைகிட்ட நிக்கணுமா"ன்னு என்கிட்ட கோவப்பட்டவங்க நிறைய பேரு.

கேள்வி: என்ன சொல்லி ஆரம்பிக்க?

சின்னதா. நேர்ல போயி நிக்காதீங்க, திடுதிப்புனு வாசல்ல நின்னா அவங்களுக்கு கதவ தெறக்கதா வேண்டாமான்னு யோசிக்க கூட நேரம் இருக்காது. ஒரு கடுதாசியோ மெசேஜோ போதும். நான் மவனுக்கு அனுப்பினது இதான்: "யாருட்டயும் சொல்லாதன்னு நீ சொன்னத நான் சொல்லிட்டேன். தப்பு. அதுக்கு முன்னால மார்க் விஷயத்துலயும் அப்படித்தான் பண்ணினேன். பதில் போடணும்னு இல்ல."

இத எழுத எனக்கு நாலு நாள் ஆச்சு. முதல்ல எழுதினதுல "ஆனா உன் நல்லதுக்கு தான்"னு இருந்துச்சு, "அம்மா எத்தனை நாள் இருப்பேனோ"ன்னு இருந்துச்சு. ரெண்டையும் அழிச்சேன். "ஆனா" வந்தா முன்னால கேட்ட மன்னிப்பு செத்துப்போகும், சாவ பத்தி எழுதினா அது மெரட்டுறது. சீக்க சொல்லி கூப்பிடுறதும் அதே மாதிரி தான், ஒருவாட்டி வருவாவ, மறுவாட்டி நெசமாவே சீக்கா கிடந்தாலும் நம்ப மாட்டாவ.

பதில் ரெண்டு மாசம் கழிச்சு வந்துச்சு. "படிச்சேன்"னு ஒரே வார்த்தை.

கேள்வி: பெரியப்பா, மாமா யாரையாவது வச்சு பேச விடலாமா?

வேண்டாம். பேச போறவங்க நல்ல மனசோட தான் போவாவ, ஆனா அங்க சொன்னத இங்க வந்து சொல்லும்போது ஒரு புளி ஒரு உப்பு கூட விழுந்திரும். எங்கப்பா சொன்னது "அவ வந்தா வரட்டும்". எனக்கு வந்து சேந்தது "வேணும்னா வரட்டும்". இந்த "வேணும்னா" எங்க வீட்ல மூணு வருஷத்த தின்னுட்டு.

பத்து பேரு கூடி பஞ்சாயத்து வச்சு "கால்ல விழு, முடிஞ்சிரும்"னு சொல்றதும் அப்படித்தான், விழுந்தவனுக்கு அது முடியாது. பேரப்பிள்ளைங்ககிட்ட சொல்லி விடுறது அதவிட மோசம்.

கேள்வி: அப்பாவுக்கு தெரியாம அம்மா மட்டும் போன் பேசுறா, அது சரியா?

சரி தான். எங்கம்மாவும் பக்கத்து வீட்டு போன்ல இருந்து தான் பேசினா. ஆனா அம்மாகிட்ட அப்பாவ பத்தி குறை சொல்லாதீங்க, அவ அந்த வீட்ல தான் படுத்து எந்திரிக்கணும்.

கேள்வி: சாதி மாறி கல்யாணம் பண்ணியிருக்கேன். இப்ப "அப்பாவுக்கு முடியல, வா"ன்னு கூப்பிடுதாவ. போகலாமா?

இதுக்கு மட்டும் உறவ ஓரமா வச்சுட்டு முதல்ல உயிர பாருங்க. நம்ம திருநெல்வேலி சீமையில என்ன நடந்திருக்குன்னு நான் சொல்லி தெரியவேண்டாம், பாசமா கூப்பிட்டு அருவா எடுத்த கதை இங்க உண்டு. தனியா போகாதீங்க, ராத்திரி போகாதீங்க. அப்பா ஆஸ்பத்திரியில இருக்காருன்னா எந்த ஆஸ்பத்திரி எந்த வார்டுன்னு கேட்டு, நம்பிக்கையான வேற ஆள் மூலமா விசாரிச்சுட்டு போங்க. பாக்கணும்னா நாலு பேரு நடமாடுற பொது இடத்துல பாருங்க.

பொண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆயிட்டா பெத்தவங்க சம்மதம் சட்டப்படி தேவையில்ல. 1954 சிறப்பு திருமணச் சட்டத்துல பதிவு பண்ணலாம், அதுக்கு 30 நாள் முன்கூட்டி நோட்டீஸ் குடுக்கணும், அந்த நோட்டீஸ் ஆபீஸ்ல ஒட்டுவாவ, அதனால வீட்டுக்கு தகவல் போக வாய்ப்பு இருக்குன்னு தெரிஞ்சுக்கிடுங்க. 2018ல சுப்ரீம் கோர்ட் ரெண்டு மேஜர் ஆளுங்க விரும்பி கல்யாணம் பண்ண குடும்பமோ சாதிக்கூட்டமோ சம்மதிக்கணும்னு இல்லன்னு சொல்லி, ஒவ்வொரு மாவட்டத்துலயும் எஸ்பி, மாவட்ட சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூணு பேரும் சேந்த தனிப்பிரிவு வைக்கணும்னு உத்தரவு போட்டிருக்கு. மெரட்டல் வந்தா அவங்ககிட்ட எழுத்துல குடுங்க. அவசரம்னா 112, பொண்ணுங்களுக்கு 181ம் இருக்கு.

நான் பண்ணினதும் சாதி மாறின கல்யாணம் தான். எங்கப்பா கையில அருவா எடுக்கல, வாய மூடிக்கிட்டாவ. அது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு அப்ப தெரியல, இப்ப தெரியுது.

கேள்வி: "இனி எனக்கும் அவனுக்கும் சம்பந்தம் இல்ல"ன்னு அப்பா பேப்பர்ல விளம்பரம் குடுத்துட்டாரு. சொத்துல பங்கு போச்சா?

விளம்பரத்தால மட்டும் ஒண்ணும் போகாது. இந்து குடும்பத்துல அப்பா சுயமா சம்பாதிச்ச சொத்த அவரு யாருக்கு வேணும்னாலும் உயில் எழுதலாம், அதுல கேக்க முடியாது. உயிலே இல்லாம அவரு காலமாயிட்டா 1956 வாரிசுச் சட்டப்படி மனைவி, பிள்ளைங்க, அவரோட அம்மா எல்லாருக்கும் சம பங்கு, பேப்பர்ல பேர் வந்த பிள்ளைக்கும் சேத்து தான். பூர்வீக சொத்துல பிறப்பால வர்ற பங்க அப்பா விளம்பரம் குடுத்து எடுக்க முடியாது. பொம்பளப்பிள்ளைக்கும் அந்த பங்கு உண்டு, தமிழ்நாட்டுல 1989லயே கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு வந்துச்சு, 2005ல நாடு பூரா எல்லா பொண்ணுங்களுக்கும் வந்துச்சு, ஓடிப்போயி கல்யாணம் பண்ணினான்னு அது ரத்தாகாது. மேலப்பாளையம் பக்கம் இருந்து கேட்டவங்களுக்கு: முஸ்லிம் சட்டத்துல வாரிசா வராத வெளியாளுக்கு உயில்ல மூணுல ஒரு பங்குக்கு மேல, வாரிசுங்க சம்மதம் இல்லாம எழுத முடியாது. பாளையங்கோட்டை கிறிஸ்தவ குடும்பங்களுக்கு 1925 சட்டம், அது வேற கணக்கு. எதுவா இருந்தாலும் பத்திரத்தோட ஒரு வக்கீல பாத்திருங்க.

இன்னொண்ணு சொல்லணும். அந்த விளம்பரத்துல போட்டோவும் போடுவாவ. ஸ்கூல் போட்டோவ போட்டிருந்தாவன்னு ஒரு பையன் என்கிட்ட சொன்னான், சொத்த பத்தி அவன் ஒரு வார்த்தை கேக்கல.

கேள்வி: வீட்ட மவனுக்கு எழுதிக் குடுத்துட்டேன், இப்ப ஒரு வாய் சோறு இல்ல. என்ன பண்ண?

2007 பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கு. மனு குடுக்க வேண்டியது கோட்டாட்சியர் ஆபீஸ்ல, ஆர்டிஓன்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும் (வண்டி லைசன்ஸ் ஆபீஸ் இல்ல, வருவாய்த்துறை ஆபீஸ்). திருநெல்வேலி மாவட்டத்துல திருநெல்வேலி, சேரன்மகாதேவின்னு ரெண்டு கோட்டம். தென்காசி 2019ல தனி மாவட்டமா பிரிஞ்சிட்டதால அந்தப் பக்கத்துக்காரங்க தென்காசி இல்ல சங்கரன்கோவில் போகணும். வக்கீல் இல்லாம நீங்களே குடுக்கலாம், எழுத தெரியலன்னா வேற ஆள் உங்களுக்காக குடுக்கலாம். மாசம் 10,000 ரூபா வரைக்கும் பராமரிப்பு குடுக்கச் சொல்லலாம், நோட்டீஸ் போன 90 நாளுக்குள்ள முடிக்கணும்னு சட்டத்துல இருக்கு. மவன் மட்டும் இல்ல, மவளும், மேஜர் ஆன பேரன் பேத்தியும் கூட பொறுப்பு. பெத்தவங்கன்னா 60 வயசு ஆகியிருக்கணும்னும் இல்ல.

எழுதிக்குடுத்த வீட்ட திருப்பி வாங்குறதுக்கு 23வது பிரிவு. அதுக்கு 60 வயசு ஆயிருக்கணும், இந்த சட்டம் வந்த பிறகு எழுதிக்குடுத்ததா இருக்கணும், பாத்துக்கிடுவான்ங்கிற நிபந்தனையில குடுத்ததா இருக்கணும். 2022ல சுப்ரீம் கோர்ட் அந்த நிபந்தனைய காட்டணும்னு கண்டிப்பா சொல்லிச்சு, 2025 ஜனவரியில இது பெரியவங்கள காப்பாத்த வந்த சட்டம், தாராளமா பாக்கணும்னு சொல்லிச்சு. அதனால இனிமே எழுத போறவங்க தான செட்டில்மென்ட் பத்திரத்துலயே "ஆயுசு வரைக்கும் சாப்பாடு, மருந்து, இருக்க இடம் குடுக்கணும், இல்லன்னா ரத்து"ன்னு ஒரு வரி போடச் சொல்லுங்க. பத்திரம் எழுதுறவரு "பிள்ளைகிட்ட போயி இதெல்லாமா"ன்னு கேப்பாரு, கேட்டா கேக்கட்டும். அதவிட நல்லது, உயிரோட இருக்கும்போது எழுதிக்குடுக்காம உயில் எழுதி வைக்கிறது. பாசத்துல குறைஞ்சு போகமாட்டீங்க.

வழி தெரியலன்னா முதியோர் உதவி எண் 14567 இருக்கு.

கேள்வி: கேஸ் போட்டா உறவு இன்னும் கெட்டுப்போகாதா?

பசியோட இருக்கிறது தான் உறவா? போடுங்க. சட்டத்துலயே விசாரணைக்கு முன்னால சமரச அலுவலர் வச்சு பேசிப்பாக்க வழி இருக்கு, அங்கயே சரியான வீடுங்களும் உண்டு.

கேள்வி: குடிச்சுட்டு வந்து அடிச்சே வளத்த அப்பா. இப்ப வயசாயிட்டு, எல்லாரும் "போயி பேசு"ங்காவ. பேசித்தான் ஆகணுமா?

இல்ல. இத அழுத்தி சொல்லுதேன், ஏன்னா நம்ம ஊர்ல இத யாரும் சொல்ல மாட்டாவ. "என்ன இருந்தாலும் அப்பா"ன்னு சொல்றவங்க யாரும் அந்த ராத்திரிங்கள்ல வந்து கதவ தட்டல. சோத்துக்கும் மருந்துக்கும் வழி பண்ணிக் குடுக்கிறது வேற, உக்காந்து பேசுறது வேற, முன்னத மட்டும் பண்ணிட்டு தள்ளி இருக்க உங்களுக்கு உரிமை இருக்கு. இத நினைச்சு தூக்கம் வராம தவிச்சா 14416க்கு போன் பண்ணுங்க, டெலிமானஸ், காசு கிடையாது, தமிழ்ல பேசுவாவ.

கேள்வி: உங்க அப்பா எப்படி திரும்ப பேசினாவ?

பொங்கப்படியில. கல்யாணம் ஆன பொண்ணுக்கு பிறந்த வீட்ல இருந்து பொங்கலுக்கு சீர் வரும், தெரியும்ல. 9 வருஷமா எனக்கு வரல. தெருவுல எல்லா வீட்டு வாசல்லயும் கரும்பு இறங்கும்போது நான் கதவ சாத்திக்கிட்டு உள்ள இருப்பேன். பத்தாவது பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானம் வெளிய பாக்கேன், எங்கப்பா நிக்காவ. தோள்ல கரும்பு, கையில மஞ்சக்குலையும் பனங்கிழங்கு கட்டும், பச்சரிசி வெல்லம் ஒரு பையில. பஸ்ல நின்னுக்கிட்டே வந்திருக்காவ, சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. "பஸ்ஸு கூட்டம்"னாவ. நான் "உள்ள வாங்கப்பா"ன்னேன். எங்க வீட்டுக்காரர் தண்ணி குடுத்தாவ, வாங்கி குடிச்சாவ. அவ்ளவு தான். அந்த 9 வருஷத்த பத்தி அப்பா சாகுற வரைக்கும் நாங்க ஒரு வார்த்தை பேசிக்கிடல, அது எனக்கு இன்னைக்கும் ஒரு குறை தான், ஏன் அந்த வருஷம் வந்தாவன்னு கேக்காம விட்டுட்டேன்.

கேள்வி: பேச்சு இல்லாத அப்பா தவறிட்டா துட்டிக்கு போகணுமா? கொள்ளி யாரு வைக்க?

"நல்லதுக்கு போகலன்னாலும் கெட்டதுக்கு போகணும்"னு சொல்லுவாவ. போக மனசிருந்தா போங்க, யாரு என்ன பேசினாலும் ஒரு ஓரமா நின்னு பாத்துட்டு வாங்க. மனசில்லன்னா போகாம இருக்கிறதும் தப்பில்ல, பொறவு ஒரு அமாவாசைக்கு பாபநாசத்துலயோ குறுக்குத்துறையிலயோ ஆத்துல இறங்கி எள்ளுந்தண்ணியும் விட்டவங்கள எனக்கு தெரியும். கொள்ளிய மவ வச்ச வீடும் இருக்கு, தம்பி மவன் வச்ச வீடும் இருக்கு. "அவன் கொள்ளி வைக்க கூடாது"ன்னு அப்பா சொல்லிட்டு போயிருந்தா அத அங்க வச்சு சண்டையாக்காதீங்க.

கேள்வி: சேந்துட்டா எல்லாம் பழையபடி ஆயிருமா?

ஆகாது. என் மவன் இப்ப ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுதான். என்ன சாப்பிட்டான், ரூம்ல தண்ணி வருதா, ஆத்துல தண்ணி எவ்ளவு போகுது, இதத்தான் பேசுவோம். போன வாரம் சொதி எப்படி வைக்கணும்னு கேட்டான், தேங்காப்பால் ரெண்டாம் பால் முதல்ல ஊத்தணும், தலைப்பால் கடைசியில, கொதிக்க விடக்கூடாதுன்னு சொன்னேன், 11 நிமிஷம் பேசினோம். இப்ப எந்த கம்பெனியில வேலை பாக்கான்னு இன்னும் சொல்லல. நான் கேக்கல.